தரைக்கு அடியில் கசியும் பெட்ரோலை எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணெய் நிலையத்துக்கு டாங்கி லாரி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் இறங்கித் தரையில் இருக்கும் வட்ட மூடி ஒன்றைத் திறப்பார். தடித்த குழாய் ஒன்றை அதில் பொருத்துவார். சற்று நேரத்தில் லாரி காலியாகிப் போய்விடும். ஆயிரக்கணக்கான லிட்டர் பெட்ரோல் எங்கே போனது? நீங்கள் நிற்கும் இடத்துக்கு அடியில்தான்.

பெரும்பாலான எண்ணெய் நிலையங்களில் பெட்ரோலும் டீசலும் நிலத்துக்குள் படுக்கவைத்த உருளைத் தொட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பல்லாயிரம் லிட்டர் கொள்ளும். தீ விபத்துக்கு அஞ்சியே அவற்றைப் புதைக்கிறார்கள். காரணம் சரிதான். ஆனால் கண்ணில் படாத தொட்டி ஓட்டையானால் அதுவும் கண்ணில் படாது. பழைய தொட்டிகள் ஒற்றைச் சுவர் கொண்ட இரும்புத் தொட்டிகள். ஈர மண்ணில், அதிலும் உப்புநீர் ஏறும் கடலோர மண்ணில், இரும்பு என்ன ஆகும் என்பது ஆணியைச் சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்த உங்களுக்குத் தெரியும். தொட்டியைக் காட்டிலும், அதிலிருந்து பம்புக்குப் போகும் குழாய்களின் இணைப்புகளில் கசிவு ஏற்படுவது இன்னும் சகஜம்.

நொடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆக, நாளொன்றுக்குச் சுமார் 4.3 லிட்டர். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1,580 லிட்டர்!

'வாங்கியது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எண்ணெய் நிலையங்கள் அப்படிக் கணக்குப் பார்க்கவே செய்கின்றன. ஆனால் பெட்ரோல் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் மாறினால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். 20,000 லிட்டர் பெட்ரோல் 5 பாகை குளிர்ந்தால் 100 லிட்டர் 'காணாமல்' போய்விடும். நாளுக்கு 4 லிட்டர் கசிவு இந்த 100 லிட்டருக்குள் சுலபமாக ஒளிந்துகொள்ளும். இதனால்தான் இப்போதைய தொட்டிகளுக்கு இரட்டைச் சுவர் வைத்து, இரண்டு சுவர்களுக்கும் இடையே உணர்கருவி பொருத்துகிறார்கள்.

அமெரிக்காவில் 1984இல் நிலத்தடித் தொட்டிகளுக்கென்று சட்டம் கொண்டுவந்து, முறையாகத் தேடத் தொடங்கினார்கள். அங்கே இதுவரை உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். தேடியதால் கிடைத்த எண்ணிக்கை இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கசிந்த பெட்ரோல் என்ன செய்யும்?

முதலில் புவியீர்ப்புக்குப் பணிந்து கீழே இறங்கும். வழியில் மண் துகள்களுக்கு இடையே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், பிழிந்த பஞ்சில் ஈரம் நிற்பதைப் போல. இன்னும் கீழே போனால் நிலத்தடி நீர். அங்கே இறக்கம் நின்றுவிடும். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் முக்கால் பங்குதான். ஆகவே நீர்மட்டத்தின் மேல் மிதந்து பரவும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்து வறட்சியில் தாழும்போது, மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி மண்ணில் மேலும் கீழும் பூசிக்கொள்ளும். ஒரு பகுதி ஆவியாகி மண்ணின் துளைகள் வழியே மேலே வரும்.

மீதியில்தான் ஆபத்து அதிகம். எண்ணெயும் தண்ணீரும் கலக்காது என்று சொல்கிறோம். அது முழு உண்மை அல்ல. பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நான்கும் மற்றவற்றைவிட நன்றாகத் தண்ணீரில் கரையும். இவற்றில் பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

ஒரு கணக்குப் போடுவோம். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 750 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்றால் 7.5 கிராம், அதாவது 7,500 மில்லிகிராம். இதை 0.01ஆல் வகுத்துப் பாருங்கள். 7,50,000 லிட்டர்! ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால், ஏழரை லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைவரை கொண்டுபோய்விடும். நம் மூக்கும் கைகொடுக்காது. தண்ணீரில் இருக்கும் பென்சீனை முகர்ந்து உணர, லிட்டருக்குச் சில மில்லிகிராமாவது வேண்டும். வாடை தெரியும்போது எல்லையைப் பல நூறு மடங்கு தாண்டியிருப்போம்.

சுன்னாகத்துக் கிணறுகள்

நிலத்தடியில் எண்ணெய் பரவினால் அதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் விஞ்ஞானி அல்லர், தண்ணீர் மொள்ளுகிறவர்தான்.

இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளில் தங்குகிறது. மக்கள் கிணறு தோண்டிக் குடிக்கிறார்கள், தோட்டத்துக்கு இறைக்கிறார்கள். அங்கே சுன்னாகம் என்ற ஊரில் நீண்ட காலமாக அனல்மின் நிலையம் இருந்தது. பின்னர் ஒரு தனியார் நிறுவனமும் அங்கே எண்ணெயை எரித்து மின்சாரம் தயாரித்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதையும் வாடை வீசுவதையும் ஊரார் கண்டார்கள். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. 2015 தொடக்கத்தில் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின் உற்பத்தியை நிறுத்த உத்தரவிட்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஓர் அறிவியல் சங்கதி உண்டு. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, தண்ணீரில் ஆபத்தான பொருள்கள் இல்லை என்று சொன்னது. ஒரே ஊர்த் தண்ணீருக்கு இரண்டு முடிவுகளா? எதைத் தேடிச் சோதித்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மின் நிலையத்தில் எரிக்கும் கனமான எண்ணெயில் பென்சீன் குறைவு. பென்சீனை மட்டும் தேடினால் 'இல்லை' என்றே வரலாம். எண்ணெய் இல்லை என்று அதற்குப் பொருள் ஆகாது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது அந்தக் குழுவின் முடிவை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 இலங்கை ரூபாய். ஒரு கிணற்றின் விலை அவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது உண்மை.

சென்னையின் தண்டையார்பேட்டையிலும் இதே கதைதான். 2013இல் அங்குள்ள வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் பெட்ரோல் வாடை அடித்தது. துறைமுகத்திலிருந்து சேமிப்பு நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுபோன பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கேயும் முதலில் அறிந்தவர்கள் தண்ணீர் இறைத்த குடும்பத்தார்.

பினாங்கில் யார் அறிவார்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். பினாங்கில் நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளும் உதவுகின்றன. ஆற்றில் மாசு கலந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் வாடை வந்ததும் நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடிவிட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல லட்சம் வீடுகளில் தண்ணீர் நின்றது. தொல்லைதான், ஆனால் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் சிலவற்றில் இன்றும் கிணறு உண்டு. அதில் நீர் இறைத்துக் குடிப்பவர் இல்லை. குழாய்த் தண்ணீர் வந்தது நல்லதுதான். ஆனால் கிணற்றை மூடியபோது, நம்மை அறியாமலே ஒரு காவலாளியையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டோம். சுன்னாகத்தில் வாளி செய்த வேலையை இங்கே செய்ய ஆள் இல்லை.

'குடிக்காத தண்ணீர் கெட்டால் நமக்கு என்ன?' என்று விட்டுவிட முடியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது சாக்கடைக்குள்ளும் அடித்தள வாகன நிறுத்துமிடத்துக்குள்ளும் இறங்கித் தங்கும். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் சில நாட்களாகவே பெட்ரோல் வாடை வீசுகிறது என்று மக்கள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். 1992 ஏப்ரல் 22 அன்று சாக்கடைக் குழாய்கள் தெருத்தெருவாக வெடித்தன. 200 பேருக்கும் மேல் மாண்டார்கள். நிலத்தடி எண்ணெய்க் குழாய் ஒன்று அரித்துப்போய்க் கசிந்ததே காரணம். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயும் இரும்பு எண்ணெய்க் குழாயும் ஈர மண்ணில் அடுத்தடுத்துக் கிடந்து, மின்கலம் போல வேலை செய்துவிட்டன. மின்வேதியியல் பாடம் மதிப்பெண்ணுக்கு மட்டும் அல்ல.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 24ஆவது பிரிவு மண்ணை மாசுபடுத்துவதைத் தடுக்கிறது. மாசடைந்த நிலத்தை எப்படி ஆராய்வது, எப்படிச் சரிசெய்வது என்று சுற்றுச்சூழல் துறை 2009இல் வழிகாட்டி நூல்களையும் வெளியிட்டது. வழிகாட்டி சட்டத்தைப் போலக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் ஆய்வாளர் கையில் ஏந்திச் செல்ல ஒரு வரைபடம் கிடைத்தது.

துப்பறியும் வேலை

ஜார்ஜ்டவுனில் பழைய எண்ணெய் நிலையம் ஒன்றை மூடிவிட்டு, அங்கே குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆய்வாளர் நீங்கள். துளைபோடும் இயந்திரத்தை உடனே கூப்பிடாதீர்கள். முதல் வேலை காகிதத்தில். தொட்டிகள் எங்கே இருந்தன, எப்போது மாற்றினார்கள், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது? பழைய வரைபடங்கள் பேசும். லெபோ பந்தாய் என்றால் கடற்கரைத் தெரு. இன்று அது கடலைவிட்டு உள்ளே இருக்கிறது, ஏனென்றால் அதற்கு அப்பால் உள்ள நிலம் கடலைத் தூர்த்து உண்டாக்கியது. தூர்த்த மண்ணில் எண்ணெய் ஒரு விதமாக ஓடும், களிமண்ணில் வேறு விதமாக.

அடுத்து மண்ணின் மூச்சைப் பார்க்க வேண்டும். மெல்லிய குழாயைத் தரையில் செருகி, மண் துளைகளில் உள்ள காற்றை உறிஞ்சி, கையடக்கக் கருவியால் அளப்பார்கள். அந்தக் கருவி புற ஊதாக் கதிரால் ஆவி மூலக்கூறுகளை அயனியாக்கி எண்ணும். எங்கே அளவு எகிறுகிறதோ அங்கே துளை போடுவார்கள். உருளையாக வெளிவரும் மண்ணில் கருஞ்சாம்பல் நிறமும் பெட்ரோல் வாடையும் இருந்தால் முதல் தடயம் கிடைத்துவிட்டது.

துளைக்குள் பிளவுகள் வெட்டிய குழாயை இறக்கினால் கண்காணிப்புக் கிணறு. இங்கே அனுபவம் இல்லாதவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. பிளவுகள் எல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்துவிட்டால், மேலே மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வரவே வராது. 'சுத்தமாக இருக்கிறது' என்று அறிக்கை எழுதிவிடுவார்கள்! பிளவுகள் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும்.

ஒரு கிணறு போதாது. குறைந்தது மூன்று வேண்டும், அவை ஒரே கோட்டில் இருக்கவும் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நீங்களே செய்து பார்க்கலாம். காகிதத்தில் ஒரு முக்கோணம் வரையுங்கள். முனைகள்தாம் கிணறுகள். கடல்மட்டத்துக்கு மேல் நீரின் உயரம் 'அ'வில் 1.40 மீட்டர், 'ஆ'வில் 1.25, 'இ'யில் 1.10 என்று எழுதுங்கள். 'அ'வுக்கும் 'இ'க்கும் நடுவே உயரம் 1.25 ஆகத்தானே இருக்கும்? அந்த நடுப்புள்ளியையும் 'ஆ'வையும் கோட்டால் இணையுங்கள். இந்தக் கோடு முழுவதும் நீர்மட்டம் சமம். அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த 'இ' இருக்கும் பக்கம் ஓர் அம்பு போடுங்கள். நிலத்தடி நீர் போகும் திசை அதுதான். கரைந்த பென்சீனும் அந்த வழியே போகும். அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அம்பு சொல்லிவிடும். தரையிலிருந்து நீர் எவ்வளவு ஆழம் என்று மட்டும் அளந்தால் இந்தக் கணக்கு வராது. தரை சமமாக இருப்பதில்லை. கிணற்று வாயின் உயரத்தையும் அளந்து கழிக்க வேண்டும்.

பினாங்கில் இன்னொரு சிக்கல். கடலுக்கு அருகில் இருக்கும் கிணற்று நீர் ஓதத்தோடு ஏறி இறங்கும். காலையில் அளந்தால் அம்பு கடலை நோக்கும். ஓதம் ஏறியபின் அளந்தால் சாயும். மிதக்கும் எண்ணெயின் தடிமனும் கூடவே மாறும். ஒருமுறை அளந்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆய்வாளரை நம்ப வேண்டாம்.

நீர் மாதிரி எடுப்பதும் பொறுமை கேட்கும் வேலை. சிறிய கண்ணாடிப் புட்டியை விளிம்புவரை நிரப்பி மூடி, தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் மீண்டும் எடுக்க வேண்டும், ஏனென்றால் பென்சீன் தண்ணீரைவிட்டு அந்தக் குமிழிக்குள் ஓடிவிடும். பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு.

அங்கே வாயு நிறப்பிரிகைக் கருவி கலவையைப் பிரித்து, வரிசையாகச் சிகரங்கள் கொண்ட வரைபடமாகத் தரும். பெட்ரோலுக்கு ஒரு வடிவம், டீசலுக்கு வேறு வடிவம், கைரேகை போல. பக்கத்தில் வாகனப் பட்டறையும் எண்ணெய் நிலையமும் இருந்து, இருவரும் 'நான் இல்லை' என்றால் இந்த ரேகைதான் சாட்சி. எண்ணெய்க்கு எவ்வளவு வயது என்றும் ஓரளவு ஊகிக்கலாம். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் நேராக நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளை முதலில் தின்னும். கிளைவிட்டவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளும். நேர்ச்சங்கிலிகள் குறைந்திருந்தால் டீசல் அங்கே நெடுநாள் கிடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

யார் துப்புரவு செய்வது?

மிதக்கும் எண்ணெயைப் பம்பு வைத்து எடுக்கலாம். மண்ணில் உள்ள ஆவியை உறிஞ்சலாம். மோசமான மண்ணைத் தோண்டி அகற்றலாம். எதுவும் மலிவு அல்ல, எதுவும் முழுமையும் அல்ல. எஞ்சியதை அந்தப் பாக்டீரியாக்களிடம்தான் விட வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் அவை கெட்டிக்காரர்கள். எண்ணெய் நிலையக் கசிவிலிருந்து போகும் பென்சீனைப் பெரும்பாலும் நூறு மீட்டர் அளவிலேயே தின்று தடுத்துவிடுகின்றன. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தண்ணீர் வேகமாக ஓடுவதால் அவற்றுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. சுன்னாகம் போன்ற இடங்களில் கவலை கூடுவது அதனால்தான்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே 1979 ஆகஸ்டு 20 அன்று எண்ணெய்க் குழாய் ஒன்று உடைந்து, சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. பெரும்பகுதியை அள்ளிவிட்டார்கள். அள்ள முடியாத நாலில் ஒரு பங்கு மணலுக்குள் தங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தையே ஓர் ஆய்வுக்கூடமாக்கி, பாக்டீரியாக்கள் எதை, எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் தின்கின்றன என்று அளந்துவருகிறது. ஆய்வு தொடங்கியபோது பிறந்த பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல். எண்ணெய் இன்னும் அங்கே இருக்கிறது.